பூனக்குட்டி ரெண்டும் சொல்பேச்சு கேக்கல, அத்தை படகு ஜெட்டில (படகுத்துறைல) கொண்டுபோய் விடச் சொல்றாங்க, வழி சொல்லுங்க

வத்தைவீடு (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம், பூன வளக்குற அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சு பதில் போடுங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி கொட்டாய்ல வலை குமிச்சு வச்சிருப்போம், அதுக்குள்ள ஒரு ஊர்ப்பூன நாலு குட்டி போட்டுச்சு, குட்டிக கண்ணு தொறந்து ரெண்டு மூணு வாரம் இருக்கும், தாய்ப்பூன மெயின் ரோட்டுல வண்டில அடிபட்டு செத்துருச்சு. ரெண்டுதான் பொழச்சுச்சு, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு சின்ன சிரிஞ்சில ஆட்டுப்பால் ஊட்டி நாந்தான் வளத்தேன், அதனால அதுகள விட எனக்கு மனசே வராது. இப்ப நாலு மாசம் ஆச்சு. ரெண்டுக்கும் மீன் பேருதான் வச்சேன், பொட்டைக்கு காரல்னு பேரு, வெயில்ல பளபளன்னு இருப்பா, கடுவனுக்கு சூடை.

பிரச்சனை என்னன்னா நான் அரிவாமனைல மீன் ஆய உக்காந்தா போதும், எங்கிட்டு இருந்தாலும் ரெண்டும் ஓடி வந்து தட்டுக்குள்ள தலைய விடுது, மேடைல வச்சா மேடைக்கு ஏறுது, போன வாரம் குழம்புக்கு ஆஞ்சு வச்ச விளைமீன்ல ஒரு துண்டத்த கவ்விட்டு பரண்ல ஏறிருச்சு. அது கூட பரவால்ல, வீட்டுக்காரர் நண்டு வலைய திண்ணைல போட்டு பிரிப்பாரு, அதுல போய் நகத்த மாட்டி பிராண்டி தங்கூசிய (வலை பின்னுற நைலான் நரம்ப) கடிச்சு அறுத்து வைக்குது, அவரு கஷ்டப்பட்டு முடிஞ்சதெல்லாம் திரும்ப முடியணும். சூடை வலை மேலயே ஒண்ணுக்கு போறான், ரெண்டு தடவ அத்தை படுக்குற மெத்தைல போயிட்டான். எம்பொண்ணுக்கு ஆறு வயசு, அவ நடந்தா பின்னாடியே பாஞ்சு குதிகால கடிக்குதுக, ஒரு தடவ ரத்தம் வந்துருச்சு. ராத்திரி மூணு மணிக்கே கத்த ஆரம்பிச்சா யாரும் தூங்க முடியல.

அத்தை முடிவா சொல்லிட்டாங்க, இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணு இல்லேன்னா சாக்குல கட்டி பாம்பன் ஜெட்டில விட்டுருவேன்னு. அவங்க மேல கோவப்படவும் முடியல, வயசான காலத்துல மெத்த நாறுனா யாருக்குத்தான் பொறுக்கும். தண்ணி தெளிச்சுப் பாத்தேன், வெளக்கமாத்த காட்டி மிரட்டுனேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. நாய் மாதிரி பூனைய பழக்க முடியுமா முடியாதா, அதச் சொல்லுங்க மொதல்ல.


கீழக்கரை ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. பழக்கலாம், நல்லாவே பழக்கலாம், மனச விட்றாதீங்க. எங்க வீட்டுல எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து பூன இல்லாத நாள் கெடையாது, பூன வாய் வச்ச தண்ணி அசுத்தமில்ல அது உங்களச் சுத்தி வர்றதுல ஒண்ணுன்னு ஹதீஸ்லயே இருக்குறதால உம்மா பூனைய வெரட்டவே விடமாட்டாங்க, ஆனா வீடு நாறக்கூடாதுன்னும் கண்டிப்பா இருப்பாங்க. அதனால ஒண்ணுக்கு போற விஷயத்த மட்டும் நான் சொல்றேன், அதுதான் உங்க அத்தைக்கு பெரிய வருத்தம், அத மொதல்ல சரி பண்ணிட்டா மத்தது பின்னாடி வரும்.

நீங்க எழுதுனதுல எங்கயும் மண்தட்டு பத்தி சொல்லல. தட்டு வச்சிருக்கீங்களா இல்ல வெளிய போயிக்கும்னு விட்டுட்டீங்களா? பூனக்குட்டி 3, 4 வாரத்துலயே தோண்டிப் போய் மூடுற பழக்கத்த ஆரம்பிச்சுரும், அந்த வயசுல காலுக்கு எது தட்டுப்பட்டுச்சோ அதுதான் அதுக்கு கக்கூசு. உங்க குட்டிக பொறந்ததே வலைக்குள்ள, மெதுவா குமிஞ்சு கெடக்குற எடம்தான் தனக்குன்னு சூடை நெனச்சுட்டான், மெத்தையும் அவன் காலுக்கு அப்படித்தான் தெரியும். அவன் உங்க அத்தைய பழி வாங்கல, அந்த எண்ணத்த விட்ருங்க.

மீன் ஐஸ் வைக்குற பழைய பிளாஸ்டிக் பெட்டி கெடைக்கும்ல, அதுல ஒரு பக்கத்த பூன ஏறுற ஒசரத்துக்கு தாழ வெட்டி, வெட்டுன ஓரம் குத்தாம தேச்சு விட்டுருங்க. உள்ள 2 இஞ்ச் இல்ல 3 இஞ்ச் மண்ணு. கடக்கரை மண்ண அள்ளி அப்படியே போடாதீங்க, உப்பு மண்ணு ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும் காயவே காயாது, காலுல ஒட்டுனா பூனைக்கு பிடிக்காது, தெருநாய் பேஞ்சது வேற கலந்திருக்கும். நல்ல தண்ணில மூணு தடவ அலசி மொட்டமாடில ரெண்டு நாள் காயப்போட்டு சலிச்சுட்டு போடுங்க. ரெண்டு பூனைக்கு மூணு தட்டு வைக்கணும், பூனைய விட ஒண்ணு கூடன்னு கணக்கு. சோறு வைக்குற எடத்துக்கு பக்கத்துல வைக்காதீங்க, மோட்டார் ஓடுற எடம் மிக்சி சத்தம் கேக்குற எடம் வேண்டாம், ஒரு தட்ட அத்தை ரூம் மூலைலயே வைங்க, அவங்க ஒத்துக்குவாங்களா தெரியல ஆனா மெத்தைய விட தட்டு பக்கத்துல இருந்தா அவன் தட்டுக்குத்தான் போவான். காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ கட்டிய எடுத்துருங்க, நாறுற தட்டுல எந்தப் பூனையும் ஏறாது.

சாப்பிட்டு கா மணி நேரத்துல, தூங்கி எந்திரிச்ச ஒடனே, ரெண்டு நேரமும் தூக்கிட்டுப் போய் தட்டுல விட்டுட்டு நீங்களே வெரலால மண்ண லேசா கீறி விடுங்க, அது காலப் புடிச்சு கீறாதீங்க பயந்துரும். போனான்னா ஒடனே ஒரு துண்டு மீனு. ஒரு பத்து நாள் வீட்டுல ஆள் இல்லாதப்ப ஒரு ரூமுக்குள்ளயே தட்டோட அடச்சு வைங்க, வலையும் மெத்தையும் கண்ணுல படவே கூடாது.

இன்னொண்ணு, பேஞ்ச எடத்த பினாயில் ஊத்தி கழுவாதீங்க. சோப்புத்தூள்ல என்சைம் உள்ளதுன்னு போட்டுருக்கும் அதுல ஊறவச்சு கழுவி, வினிகரும் தண்ணியும் பாதிக்கு பாதி கலந்து தொடச்சு, கச்சான் காத்து அடிக்குற வெயில்ல மெத்தைய ரெண்டு நாள் போடுங்க. நமக்கு நாத்தம் போயிருச்சுன்னு தோணுனாலும் அதுக்கு மூக்குல தெரியும், தெரிஞ்சா திரும்ப அங்கயேதான் வரும்.


தேவிபட்டினத்தான்

இம்புட்டு பாடு எதுக்கும்மா. எங்க அய்யா காலத்துல பேஞ்ச எடத்துல பூன மூக்க வச்சு தேச்சு முதுகுல ரெண்டு போடு போட்டு வெளிய தூக்கி எறிவாரு, ரெண்டு தடவைல திருந்திரும். பூனன்னா வீட்டுல எலி புடிக்கத்தான், அதுக்கு தட்டு வச்சு மெத்த போட்டு வளத்தா ஏறித்தான் மிதிக்கும். நான் கெட்ட எண்ணத்துல சொல்லல, பெரியவங்க மனசு நோகக் கூடாது, அதுதான் முக்கியம்னு சொல்றேன்.


ஊசிக்காரர் (ராமநாதபுரம்)

நான் கால்நடை மருந்தகத்துல டாக்டருக்கு கூட மாட நிக்குற வேலை, 14 வருஷமா பாக்குறேன். தேவிபட்டினத்து அண்ணே, பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது சரி, ஆனா மூக்க தேய்க்குறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பூன ஒரு காரியத்தச் செஞ்ச அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள நடக்குறதத்தான் அந்தக் காரியத்தோட சேத்து வச்சுக்கும். காலைல பேஞ்சதுக்கு நீங்க பத்து மணிக்கு வந்து மூக்க தேச்சா, இந்த ஆளு வந்தா வலிக்கும்ங்குறது மட்டுந்தான் அது மண்டைல ஏறும். அப்புறம் ஆள் இல்லாத நேரம் பாத்து கட்டிலுக்கு அடில போகும், திருந்துன மாதிரி நமக்குத் தெரியும் அவ்வளவுதான். தண்ணி தெளிக்குறதும் இதே கததான் தங்கச்சி, விட்ருங்க.

சூடை விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும். உக்காந்து தரைல போறானா, இல்ல நின்னுக்கிட்டு வால நட்டமா தூக்கி நுனிய ஆட்டிக்கிட்டே செவுத்துல பின்பக்கமா பீச்சுறானா? உக்காந்து போனா ராத்தா சொன்ன வழிதான். பீச்சுனா அது எல்லை வைக்குற வேலை, கடுவன் வயசுக்கு வர்றான்னு அர்த்தம், அஞ்சாறு மாசத்துல ஆரம்பிச்சுரும். அதுக்கு முன்னாடியே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டா பெரும்பாலான கடுவன் அந்தப் பழக்கத்துக்கே போகாது, ஊர் சண்டைக்கும் போகாது. காரலுக்கும் பண்ணிருங்க, நாலு மாசத்துலயே பொட்டை சினைக்கு வந்துரும், அண்ணன் தங்கச்சின்னு அதுகளுக்கு தெரியாது. அப்புறம், கடுவன் அடிக்கடி தட்டுல போய் உக்காந்து முக்குறான், கத்துறான், சொட்டு கூட வரலன்னா அது பழக்கம் கெட்டது இல்ல, குழா அடச்சிருக்கு, அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும், விட்டா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிரும்.

இப்ப நான் எழுதுறதுக்கு உண்மையான காரணம் தங்கூசி. தயவு செஞ்சு இத லேசா எடுக்காதீங்க. நம்ம கரைல இருந்து ஒரு பூனைய கொண்டு வந்தாங்க, மூணு நாளா சாப்பிடல, எச்சி ஒழுகுது, அப்பப்ப கக்குது. வாயத் தொறந்து கட்டவெரலால தாடைக்கு அடில இருந்து நாக்க மேல தள்ளிப் பாத்தா, நாக்கு அடில நடு நரம்புல தங்கூசி ஒரு சுத்து சுத்தி, சதைய அறுத்துக்கிட்டு உள்ள போயிருக்கு. ஒரு நுனி நாக்குல மாட்டி நிக்குது, மறு நுனி குடலுக்குள்ள, குடலு முன்னாடி போகப் பாக்குது நூலு விட மாட்டேங்குது, அதனால குடலு பாவாட நாடா இழுத்த மாதிரி சுருங்கி சுருங்கி நூலே குடல அறுத்துருது. அவங்க வீட்டுல ஆசனத்துல நுனி தெரியுதுன்னு இழுத்துப் பாத்துருக்காங்க. காப்பாத்த முடியல. ஒங்க வலைல நண்டு வாடை இருக்கு, உப்பு ருசி இருக்கு, பூனைய குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல. வலை வேலை முடிஞ்ச ஒடனே சாக்குல போட்டு கட்டி ஒசரத்துல தொங்கவிடுங்க, அறுந்த துண்டு தங்கூசிய ஒண்ணு விடாம பொறுக்கி மூடி போட்ட டப்பால போடுங்க, தூண்டி முள்ளும் அப்படித்தான். எப்பவாச்சும் வாய்லயோ பின்னாடியோ நூல் தொங்குறதப் பாத்தா இழுக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க.

பினாயில் ஏன் கூடாதுன்னா அதுல இருக்குற சாமான முறிக்குற சக்தி பூன ஈரலுக்கு கெடையாது, காலுல ஒட்டி நக்குச்சுன்னா வெசம். நம்ம காய்ச்சலுக்கு போடுற பாராசிட்டமாலும் அதே மாதிரிதான், பாதி மாத்திரைல கூட போயிரும். சூடை நெத்திலி இன மீன பச்சையா தெனமும் போடாதீங்க, அந்த வகை மீன் பலதுல உயிர்ச்சத்து பி1ஐ அழிக்குற ஒரு பொருள் இருக்கு, நாளாக நாளாக கழுத்து தொங்கி தள்ளாடி வலிப்பு கூட வரும். உப்பு மொளகா போடாம அவிச்சா அது போயிரும், முள்ள எடுத்துட்டு போடுங்க.

பொண்ணுக்கு ரத்தம் வந்துச்சுன்னு எழுதிருக்கீங்க. ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு காட்டுனீங்களா? காட்டலேன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, வீட்டுப் பூனதானேன்னு இருக்காதீங்க. குட்டிகளுக்கும் மூணு மாசம் தாண்டிருச்சு, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுருங்க.


வத்தைவீடு

அண்ணே, படிச்சிட்டு கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ஒடனே போய் திண்ணைய கூட்டுனேன், வெரல் நீளத்துக்கு தங்கூசி துண்டு பதினேழு கெடந்துச்சு, எண்ணி எண்ணி டப்பால போட்டேன். வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டுனேன், அவரு ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போய் வலைய சாக்குல கட்டி விட்டத்துல தொங்க விட்டுட்டாரு. பொண்ணுக்கு கடிச்ச அன்னைக்கே பெரியாஸ்பத்திரில ஊசி ஆரம்பிச்சாச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.

ராத்தா, தட்டே வைக்கல நானு, வெளிய மண்ணுதானே கெடக்குன்னு இருந்துட்டேன். சூடை உக்காந்துதான் போறான், பீச்சல. இன்னைக்கே பெட்டிய வெட்டச் சொல்லிருக்கேன். மீன் ஆயுறப்ப ஏறுறதுக்கும் மூணு மணிக்கு கத்துறதுக்கும் யாராச்சும் வழி சொல்லுங்க.


குந்துகால் தம்பி

அக்கா, அத நான் சொல்றேன், எங்க வீட்டுல அப்பா மீன் யாவாரம், பொழுதுக்கும் மீனு வீட்டுக்குள்ள கெடக்கும், மூணு பூன இருக்கு, ஒண்ணு கூட தட்டுல வாய் வைக்காது. மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க, கீழ எறங்குன்னு பூனைக்கு சொல்லிக் குடுக்க முடியாது, ஆனா இங்க ஏறி உக்காருன்னு சொல்லிக் குடுக்கலாம். ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், இல்ல. மேடைல இருந்து தள்ளி விட்டா அதுக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரியாது, மீனு அங்கயே இருக்கு திரும்ப ஏறும். தனக்குன்னு ஒரு எடம் இருக்கு அங்க உக்காந்தா மீனு நம்மளத் தேடி வரும்னு தெரிஞ்சுருச்சுன்னா அதுவே போய் உக்காரும்.

ஒரு முக்காலி எடுங்க, மேல பழைய சாக்கு ஒண்ண மடிச்சுப் போடுங்க, ரெண்டு பூனைக்கு ரெண்டு முக்காலி. ஒரு ரீபில் பேனா, மேல அமுக்குனா டிக்குனு சத்தம் வருமே அது. நெத்திலிய அவிச்சு முள்ள எடுத்து பயறு சைஸுக்கு பிச்சு வச்சுக்கங்க, அதுக்கு மேல பெருசு வேண்டாம், பெருசா குடுத்தா நாலு தடவைல வயிறு ரொம்பி போயிரும். மொத நாள் வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், டிக்குனு ஒரு சத்தம் ஒரு துண்டு, டிக் ஒரு துண்டு, ஒரு பதினஞ்சு தடவ. சத்தம் கேட்ட ஒடனே தலைய திருப்பி உங்க கையப் பாக்கும் பாருங்க, அதுதான், அப்ப அதுக்கு புரிஞ்சுருச்சு. மறுநாள் முக்காலிய பக்கத்துல வச்சு மீனக் கையில வச்சு முக்காலி மேல கொண்டு போங்க, பூன முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வைக்கும், வச்ச அந்த நொடி டிக், ஒரு துண்டு. லேட்டா அமுக்குனா அது எறங்குனதுக்கு கூலி குடுத்த மாதிரி ஆயிரும், அதனால கண்ணு அது கால் மேலயே இருக்கணும். ரெண்டு மூணு நாள்ல முழுசா ஏறும். ஏறுனதுக்கு அப்புறம் ஒடனே குடுக்காம ரெண்டு எண்ணி குடுங்க, அப்புறம் அஞ்சு, அப்புறம் பத்து. அதுக்கப்புறம்தான் அரிவாமனைய எடுக்கணும், அதுவும் மீன் இல்லாம சும்மா, அப்புறம் ஒரே ஒரு மீனு, அப்புறம்தான் முழு கூடை. ஒரு தடவைக்கு மூணு நிமிஷத்துக்கு மேல பழக்காதீங்க, அது வால வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டுனா போதும்னு அர்த்தம், நிறுத்திருங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சு ஆரம்பிக்காதீங்க, ஒண்ண ரூம்ல விட்டுட்டு ஒண்ணு ஒண்ணா.

அப்படி பழக்குற நாள்ல மேடைல ஒரு செதில் கூட கெடக்கக் கூடாதுக்கா. பத்து தடவ ஏறி ஒரு தடவ கெடச்சாலும் அந்த ஒரு தடவைக்காக இன்னும் நூறு தடவ ஏறும். மூடி போட்டு வைங்க.

மூணு மணிக்கு கத்துறது, தப்பா நெனைக்காதீங்க, மாமா கடலுக்குப் போக எந்திரிக்குறப்ப ராத்திரி மிச்சத்த ஏதாச்சும் போடுறாரா? எங்க வீட்டுல அப்பா அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்தாரு, பாசத்துலதான், ஆனா பூன கணக்குல ஆள் எந்திரிச்சா சோறு, அப்ப ஆள எழுப்பிட்டா சோறு. கடலுக்குப் போகாத நாள்லயும் எழுப்பும். அதனால அவரு எந்திரிச்சதும் ஒண்ணும் போடக் கூடாது, வெடிஞ்சப்புறம் நீங்க ஒரே நேரத்துல போடணும். பூன பொழுதடையுறப்பயும் வெடியுறப்பயும்தான் வேட்டைக்கு கெளம்புற சாதி, அத மாத்த முடியாது, நேரத்த நம்ம பக்கம் இழுத்துக்கலாம். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கம்புல துணிப்பட்டை கட்டி, நூல் வேண்டாம் தங்கூசி வேண்டவே வேண்டாம், பத்து பதினஞ்சு நிமிஷம் தரைல எலி ஓடுற மாதிரி இழுத்து ஓட விடுங்க, கடைசில புடிக்க விடுங்க, புடிச்சாத்தான் அதுக்கு மனசு ஆறும், ஒடனே நல்லா சோறு வைங்க. வேட்டையாடுச்சு சாப்பிட்டுச்சு ஒடம்ப நக்கிக்கிட்டு தூங்கிரும். கத்துறப்ப யாரும் எந்திரிக்காதீங்க, திட்டக் கூட செய்யாதீங்க. மொத நாலஞ்சு நாள் முன்ன விட ஜாஸ்தி கத்தும், அந்த நேரத்துல மனசு எளகி எந்திரிச்சுட்டா இன்னும் ரொம்ப நேரம் கத்தணும் போலன்னு படிச்சுக்கும். அத்தைகிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சுருங்க.

பாப்பா கால கடிக்குறதும் வெளயாட்டுதான், ஓடுறதெல்லாம் எலி. நீங்க சின்னதுல கைய வச்சு வெளயாட்டு காட்டிருப்பீங்க, எல்லாருமே செய்யுறதுதான். இனி வெறும் கை கால் வேண்டாம், கடிச்சா பாப்பா கத்தி ஓடக் கூடாது, செல மாதிரி நின்னுட்டு, விட்டதும் அந்த எடத்த விட்டு நவுந்துரணும். பாப்பா கையில அந்த துணிக் கம்பக் குடுங்க, வெளயாட்டு எல்லாம் அதோட நுனிலதான்.

வலைய பிராண்டுறதுக்கு திண்ணைத் தூண்ல தேங்கா நார் கயித்த நெருக்கமா ரெண்டர அடி மூணு அடி ஒசரத்துக்கு சுத்திருங்க, முழு ஒடம்பையும் நீட்டி பிராண்டணும் அதுக்கு. நகத்து மேல் ஓட்ட உரிக்குறதுக்கும் வாடை வைக்குறதுக்கும் பிராண்டியே ஆகணும், நிறுத்த முடியாது, எடத்த மாத்தலாம். தூண் அடில பெறை மாதிரி வளைஞ்ச நகத் தோலு உதுந்து கெடந்தா சரியா பழகிருச்சுன்னு அர்த்தம்.


தேவிபட்டினத்தான்

ஊசிக்காரர் தம்பி, நீங்க சொன்னத ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க அய்யா அடிச்ச பூன திருந்துச்சுன்னு எழுதுனேன், யோசிச்சுப் பாத்தா அது அப்புறம் அய்யா இருக்குற பக்கமே வந்ததில்ல, ஆத்தா முந்தானைக்குள்ளதான் கெடக்கும். பேஞ்சது நின்னுச்சா இல்ல வேற எங்கயாச்சும் போச்சான்னு எனக்குத் தெரியல, சின்னப்பய அப்ப. அந்த மூக்கு தேய்க்குற பேச்ச வாபஸ் வாங்கிக்கிறேன். தங்கச்சிக்கு இன்னொண்ணு, ஜெட்டில மட்டும் விட்றாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அப்ப ஜெட்டில மீன் ஓட்டம் இல்ல, அங்க கெடக்குற பூனையெல்லாம் எலும்பும் தோலுமா ஐஸ் பெட்டிய நக்கிக்கிட்டு திரியுறத நானே பாத்துருக்கேன். வீட்டுல வளந்த குட்டி அதுகளோட சண்ட போட்டு ஒரு வாரம் தாங்காது. அத்தைகிட்ட இத எடுத்துச் சொல்லுங்க.


வத்தைவீடு (மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு வந்தேன். தட்டு மூணு வச்சாச்சு, அத்தை ரூம்ல வைக்க மொதல்ல ஒத்துக்கல, வாசப்படிக்கு வெளிய வச்சேன், அப்புறம் அவங்களே உள்ள நவுத்திக்கிட்டாங்க. காரல் மொத நாளே பழகிட்டா. சூடை ஒம்பது நாள் சரியா போனான், பத்தாவது நாள் திரும்ப மெத்தைல போயிட்டான், அழுகையே வந்துருச்சு எனக்கு, அப்புறம் பாத்தா அன்னைக்கு நான் கோயில் கொடைக்கு போயிட்டு தட்ட சுத்தம் பண்ணல. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் இல்ல.

மூணு மணி கத்தல், தம்பி சொன்னதுதான் நடந்துருக்கு. இவரு கடலுக்குப் போறப்ப குழம்புல இருக்குற மீனு தலைய போடுவாராம், எனக்கு இத்தன நாள் தெரியாது. நிறுத்துனதும் நாலாவது நாள் கத்துன கத்துல பக்கத்து வீட்டுல இருந்து கேட்டாங்க, அத்தை போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு யாரும் எந்திரிக்காதீங்கன்னு எங்களுக்கே சொன்னாங்க. இப்ப அஞ்சரைக்குத்தான் சத்தம், அது சரி, நானும் அப்ப எந்திரிச்சுருவேன்.

முக்காலிதான் எனக்கு இன்னும் நம்ப முடியல. நேத்து ஊளி மீனு ஒரு கூடை வந்துச்சு, அரிவாமனைய தரைல வச்ச சத்தம் கேட்டு காரல் வந்து முக்காலில ஏறி முன்னங்கால சேத்து வச்சு உக்காந்துட்டா, மூக்கு மட்டும் துடிக்குது, எறங்கல. சூடை ஏறுவான், எறங்குவான், என்னப் பாப்பான், திரும்ப ஏறுவான். இன்னும் பத்து எண்ணுற வரைக்கும் வரல அவன், ஏழுல நிக்குறோம். பேனாவ பொண்ணு புடுங்கிக்கிட்டா, அவதான் இப்ப டிக் அடிக்குறா, என்ன விட சரியா அடிக்குறா. தூண்ல கயிறு சுத்தியாச்சு, அடில நகத் தோலு ரெண்டு கெடந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன்.

ரெண்டுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குடுத்துருக்காங்க. சூடைக்கு அடுத்த செவ்வாக்கெழம, காரலுக்கு அதுக்கு ஒரு வாரம் கழிச்சு. அதுல ஏதாச்சும் கவனிக்கணுமா அண்ணே?


ஊசிக்காரர்

சந்தோசம் தங்கச்சி. எத்தன மணில இருந்து சோறு நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, குட்டிகளுக்கு பெரிய பூன மாதிரி ரொம்ப நேரம் பட்டினி போடக் கூடாது. பஸ்ஸுல கையில தூக்கிட்டுப் போகாதீங்க, ஹாரன் சத்தத்துல பிச்சுக்கிட்டு ஓடிரும், மூடி உள்ள கூடைல வச்சு துண்டால போத்திக் கொண்டு போங்க. அந்தக் கூடைய இன்னைக்கே வீட்டுக்குள்ள தொறந்து போட்டு உள்ள மீன் துண்டு போட்டு வைங்க, செவ்வாக்கெழமைக்குள்ள அதுகளே போய் படுக்க ஆரம்பிச்சுரும்.

ஒரே நாள்ல பண்ணாம தனித்தனியா பண்றீங்க, அதனால இத மறக்காதீங்க. சூடை திரும்பி வர்றப்ப மருந்து வாடையோட வருவான், காரல் அவன அடையாளம் தெரியாம சீறி அடிக்க வருவா. பயப்பட வேண்டாம், ரெண்டையும் ஒரு ராத்திரி தனித்தனி ரூம்ல வைங்க.


கீழக்கரை ராத்தா

ஆமா புள்ள, எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஆச்சு. காரல் படுக்குற துணிய எடுத்து வச்சுக்கங்க, சூடை வந்ததும் தையல் பக்கம் போகாம கழுத்துலயும் முதுகுலயும் அதால மெதுவா தடவி விடுங்க, அவ வாடை அவன் மேல ஏறிருச்சுன்னா மறுநாள் மூக்கோட மூக்கு வச்சுப் பாத்துட்டு சேந்துக்குவா. தையல் ஆறுற வரைக்கும் தட்டுல மண்ணுக்கு பதிலா பேப்பர கிழிச்சுப் போடுங்க.